மணலில் நடக்கும் கணுக்கால்

புத்தளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இபுனு பதூதாவிடமிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். ஆனால், காரணம் வேறு. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட அந்த மொரோக்கோப் பயணி, 'பத்தாலா' என்று தாம் குறிப்பிடும் இந்தக் கரையில் வந்து இறங்கினார். இங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். சிவனொளிபாத மலையிலுள்ள பாதச் சுவட்டைக் காண விரும்பிய விருந்தாளிக்கு ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்க அடிமைகளையும் கொடுத்தனுப்பினான். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துத் துணையாட்கள், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என ஒரு கூட்டமே உடன் சென்றது. மலையுச்சியில் இருந்த பாதச் சுவடு பதினொரு சாண் நீளம் என்று அவர் எழுதி வைத்தார். சுமந்து நடந்தவர்களின் பாதங்கள் என்னவாயின என்பது அந்நூலின் அக்கறை அன்று.

இந்தக் கரையின் வரலாற்றைக் கால்களின் வரலாறாகவும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உடப்பில் அம்பாப் பாட்டோடு கரைவலை இழுப்பவர்கள் குதிகாலை மணலில் புதைத்து, உடலைப் பின்னே சாய்த்துத்தான் கயிற்றை இழுக்கிறார்கள். உப்பளத் தொழிலாளர்கள் வெறுங்காலோடு சுமை தூக்குகிறார்கள். தலவில் அன்னம்மாள் ஆலயத்துக்கு யாத்திரிகர் வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வந்து தங்கியதும் இந்த மாவட்டத்தில்தான். அன்று முப்பது வயதில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். கால் வலியைப் பற்றிப் பேசும் வயது அது.

இடுப்பும் முழங்காலும் வயது போகப் போகத் தேய்வதை நாம் அறிவோம். கணுக்காலின் கதை வேறு. அதன் குருத்தெலும்பு மெல்லியது, ஆயினும் உறுதியானது. தானாக அது தேய்வது அரிது. அமெரிக்காவின் அயோவாவில் முற்றிய கணுக்கால் தேய்வுள்ள 639 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், பத்துக்கு ஏழு பேருக்குப் பழைய காயமே காரணமாக இருந்தது. முடக்குவாதம் 12 சதவீதம். காரணம் தெரியாதவை 7 சதவீதம் மட்டுமே. என்றோ வழுக்கி விழுந்ததும், சரியாகப் பொருந்தாத முறிவும், மீண்டும் மீண்டும் பிசகிய காலும் இருபது, முப்பது ஆண்டு கழித்துத் தம் கணக்கைத் தீர்க்க வருகின்றன.

இதற்கு மருத்துவம் கண்ட முதல் வழி, மூட்டையே இல்லாமற் செய்வது. தேய்ந்த பரப்புகளைச் செதுக்கி, எலும்போடு எலும்பை ஒட்ட வைப்பது. 1951இல் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி எலும்புகளை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்கும் முறையை விவரித்தார். வலி போகும், அசைவும் போகும். பின்னாளில் அதே சார்ன்லிதான் செயற்கை இடுப்பு மூட்டை வெற்றியாக்கினார். இடுப்புக்கு முடிந்தது கணுக்காலுக்கு முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

1970இல் பிரான்சில் லோர்டும் மரோத்தும் இடுப்பு மூட்டின் வடிவத்தைத் தலைகீழாக்கிக் கணுக்காலில் பொருத்தினர். 25 பேரில் 12 பேருக்குத் தோல்வி; திருப்தி என்று சொல்லத்தக்கவர்கள் 7 பேர். லண்டன் மருத்துவமனை 1985இல் வெளியிட்ட கணக்கும் அதையே சொன்னது. பரிசோதிக்கப்பட்ட 41 செயற்கை மூட்டுகளில் 13 மட்டுமே திருப்தியானவை. கணுக்கால் வெறும் கீல் அன்று என்பதைப் பொறியியலாளர்கள் இவ்வாறு கற்றுக்கொண்டார்கள். டென்மார்க்கின் ஹாக்கோன் கோஃபோட், இரண்டு உலோகத் துண்டுகளுக்கிடையே நகரும் பிளாஸ்டிக் துண்டொன்றை 1980களில் வைத்தார். அவ்வடிவத்தின் வழிவந்த மூட்டுக்கு அமெரிக்கா 2009இல் அனுமதி அளித்தது.

இனி நடையைப் பார்ப்போம். மாற்று மூட்டுப் பெற்றவர்களின் வலி குறைகிறது, எட்டு நீள்கிறது, வேகம் கூடுகிறது. ஆனால் அசைவு பெரும்பாலும் முன்பிருந்ததைவிடச் சிறிதளவே கூடும். பல்லாண்டு இறுகிப்போன காலைப் புதிய மூட்டு இளங்கால் ஆக்கிவிடாது.

இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. 50 முதல் 85 வயது வரையான 303 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஓராண்டின் பின் இரு சாராரும் நடப்பதிலும் நிற்பதிலும் பெரும் முன்னேற்றம் கண்டனர். இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மூட்டு மாற்றியவர்களுக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் கூடுதல். ஒட்டவைத்தவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டாமற்போனது.

அந்த ஆய்வு பிரித்தானிய மருத்துவமனைகளில் நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. சப்பாத்து அணிந்து தளம் போட்ட தரையில் நடப்பவருக்கு, ஒட்டவைத்த கணுக்கால் பெரிய குறையாகத் தெரியாது. சப்பாத்தின் குதியும் வளைந்த அடியும் இழந்த அசைவில் ஒரு பங்கை ஈடுசெய்யும். கற்பிட்டி மணலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு அந்த உதவி இல்லை. சரிவில் ஏறுவதும், குந்தியிருப்பதும், தொழுகையில் மடித்த காலின் மேல் அமர்வதும் கணுக்காலைக் கேட்பவை. அதே வேளை, பாரம் சுமந்து பிழைப்பவருக்கும் படகிலிருந்து குதிப்பவருக்கும் செயற்கை மூட்டு ஏற்றதன்று. அது விரைவில் தளர்ந்துவிடும். கட்டுப்படாத நீரிழிவால் பாத உணர்வு இழந்தவருக்கும் பொதுவாக அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒட்டவைத்தாலோ, இருபது ஆண்டுகளில் பாதத்தின் அயல் மூட்டுகள் தேயத் தொடங்குகின்றன.

ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. இந்தக் கால் நாளை எந்தத் தரையில் நடக்கப் போகிறது, என்ன தொழில் செய்யப் போகிறது, எப்படி அமரப் போகிறது என்பதை வைத்தியர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நோயாளி தாமாகவே சொல்ல வேண்டும். வைத்தியரின் முன்னே "ஐயா சொல்வதே சரி" என்று தலையாட்டும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. உப்பளத்தில் வேலை, கரைவலையில் வேலை என்று ஒரு வாக்கியம் சொன்னாலே சிகிச்சையின் தெரிவு மாறக்கூடும்.

அதற்கும் முந்திய ஒன்று உண்டு. பெரும்பாலான தேய்வு பழைய காயத்தின் பிள்ளை என்பதால், கால் முறிந்த அன்றே படம் எடுத்து எலும்பை நேராகப் பொருத்துவதே மலிவான சிகிச்சை. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போடும் வழக்கம் நமக்குப் பழையது. அதற்குரிய மதிப்பு இருக்கட்டும். மூட்டுக்குள் ஓடிய முறிவைக் கையால் தடவி அறிய இயலாது.