சின்ன மலை, பெரும் புகை

எரிமலை என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது ஃபியூஜியைப் போன்றதொரு பனி போர்த்திய கூம்பு. உயரத்தையே அபாயத்தின் அளவுகோலாகக் கொண்டுவிடுகிறோம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய மலை மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் உள்ளது. எல் சிச்சோன் என்பது அதன் பெயர்; இன்றைய உயரம் ஏறத்தாழ 1,150 மீட்டர்.

காடு மூடிய அம்மலை எரிமலையென அறிவியலுலகுக்குத் தெரியவந்ததே 1928இல்தான். சுண்ணாம்புப் பாறைகளும் உப்புப் படிவங்களும் கொண்ட தரையின்மேல், சாம்பலும் நுரைக்கல்லும் படலம் படலமாகப் படிந்த கூம்பும் பாறைக் குவிமாடங்களும் கொண்ட எரிமலை அது. கடந்த 8,000 ஆண்டுகளில் அது பத்து முறைக்கு மேல் வெடித்ததை அப்படலங்கள் காட்டுகின்றன. எனினும், 1982க்கு முன் சுமார் 600 ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்தது. மலைக்குள் எரியும் பெண்ணொருத்தி வாழ்வதாகச் சொல்லும் ஸோக்கே பழங்குடியினரின் கதையில்தான் அந்நெருப்பு மிஞ்சியிருந்தது.

புவிவெப்ப ஆய்வுக்காகச் சென்ற கானுல், ரோச்சா என்னும் புவியியலாளர்கள் அங்கு நிலநடுக்கத்தை உணர்ந்தனர். அபாயம் உண்டென 1981இல் அறிக்கையும் தந்தனர். அது மலையடிவாரத்து ஊர்களைக் காக்கவில்லை.

1982 மார்ச் 28 இரவில் மலை வெடித்தது. பலர் வெளியேற்றப்பட்டனர். பின்வந்த நாட்களில் சீற்றம் தணிந்ததாகத் தோன்றவே, சிலர் வீடு திரும்பினர். ஏப்ரல் 3, 4 தேதிகளில் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த பெருக்கு சரிவெங்கும் பாய்ந்தது. ஒன்பது ஊர்கள் அழிந்தன. மாண்டவர் ஏறத்தாழ 2,000 பேர். உச்சியிலிருந்த பாறைக் குவிமாடம் தகர்ந்து, 1 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் உண்டாயிற்று. இன்று அதில் அமில ஏரியொன்று இருக்கிறது.

இம்மலையின் பாறைக்குழம்பில் கந்தகம் மிகுதி. 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் ஏறத்தாழ 10 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடை உமிழ்ந்தது. எல் சிச்சோன் உமிழ்ந்ததோ சுமார் 70 லட்சம் டன். அப்புகை மூன்றே வாரங்களில் பூமியைச் சுற்றி வந்தது. அத்திரை மறைத்ததால் செயற்கைக்கோள்கள் கடலின் வெப்பத்தைக் குறைத்துக் காட்டின. அவ்வாண்டு உருவாகிக்கொண்டிருந்த மாபெரும் எல் நினோ உரிய காலத்தில் உணரப்படாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எரிமலையொன்று வானிலையை மாற்றுவது அதன் சாம்பலால் அன்று, கந்தகத்தால்தான் என்பதை நாம் தெளிவாகக் கற்றது இம்மலையிடம்தான். அடிவாரத்து மக்களுக்கோ அது கற்பித்தது வேறு: இடையில் வரும் அமைதியை முடிவென்று நம்பலாகாது. வீடு திரும்பியவர்களுக்கு அந்தப் பாடம் பயன்படவில்லை.