டாலெக்கின் குரல்: ஒலிப் பட்டறையிலிருந்து வீட்டுக் கணினி வரை

பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரின் இரண்டாம் கதையில், அவ்வாண்டின் டிசம்பர் இறுதியில், டாலெக்குகள் முதன்முறையாகத் திரையில் தோன்றின. டெர்ரி நேஷனின் எழுத்தில் பிறந்து ரேமண்ட் கியூசிக்கின் வடிவமைப்பில் உருப்பெற்ற இவ்வேற்றுலக உயிரினங்களுக்கு முகமோ வாயோ கிடையாது. உலோகக் கூட்டுக்குள் மறைந்திருக்கும் அவை தம் வெறுப்பையும் வெறியையும் வெளிக்காட்டுவதற்குக் குரல் ஒன்றே பெரிதும் துணையாக இருந்தது. அந்தக் குரலை வீட்டுக் கணினியில் மீண்டும் உருவாக்குவது ஒலித்துறையில் ஆர்வமுள்ளோரிடையே நெடுநாளாக இருந்துவரும் பயிற்சியாகும். அதில் இறங்குவோர் முதலில் தேடுவது கருவியைத்தான் என்றாலும், கருவி கைக்கு வந்த பிறகே வேலையின் கடினமான பாதி தொடங்குகிறது.

இக்குரலை அமைத்தவர் பிரையன் ஹாட்ஜ்சன். டாஃப்னி ஓரம், டெஸ்மண்ட் பிரிஸ்கோ ஆகியோரின் முயற்சியால் 1958இல் லண்டன் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கப்பட்ட பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்னும் சோதனை ஒலிப் பட்டறையில் அவர் பணியாற்றினார். இசைக்கருவிகளால் தர இயலாத ஒலிகளை ஒலிநாடாவை வெட்டி ஒட்டியும், வேகத்தை மாற்றியும், ஆய்வகக் கருவிகளைத் தம் போக்குக்கு வளைத்தும் நாடகங்களுக்கு ஆக்கித் தருவது அப்பட்டறையின் பணியாக இருந்தது. அதே தொடரில் வரும் காலப்பயண ஊர்தியின் முனகலைப் பழைய பியானோவின் கம்பிகள் மீது வீட்டுச் சாவியைத் தேய்த்து உருவாக்கியவரும் ஹாட்ஜ்சனே. டாலெக்குகளுக்கு அவர் தேர்ந்த கருவி ரிங் மாடுலேட்டர்.

இக்கருவி இசைக்கென்றோ நாடகத்துக்கென்றோ பிறந்ததன்று. ஒரே கம்பியில் பல தொலைபேசி உரையாடல்களை ஒன்றோடொன்று கலவாமல் அனுப்ப வேண்டுமானால் ஒவ்வோர் உரையாடலையும் வெவ்வேறு அதிர்வெண் பகுதிக்கு நகர்த்தியாக வேண்டும் என்ற தேவையிலிருந்து, 1930களில் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் இது உருவானது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் உறுப்புகளான டயோடுகள் நான்கை வளையமாகப் பிணைத்து, இருபுறமும் மின்மாற்றிகளை இணைத்தால் கிடைக்கும் இச்சுற்று, உள்ளே வரும் இரண்டு அலைகளை ஒன்றால் மற்றொன்றைப் பெருக்குகிறது. அவ்வாறு பெருக்கும்போது இரண்டு அலைகளும் மறைந்து, அவற்றின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையும் வேறுபாடும் மட்டுமே வெளிவருகின்றன. 200 ஹெர்ட்ஸ் ஒலியுடன் 30 ஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தினால் 230, 170 ஆகிய இரண்டும் கிடைக்கும், 200 கிடைக்காது.

டாலெக் குரலுக்குப் பயன்பட்டதாகப் பெரும்பாலும் சொல்லப்படுவதும் இந்த 30 ஹெர்ட்ஸ் அளவுதான். மனிதக் குரலின் அடிப்படைச் சுரமும் அதன் மேற்சுரங்களும் முழு எண் மடங்குகளாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது செவிக்கு இசைவாக ஒலிக்கிறது. 110, 220, 330 என நிற்கும் அந்த அடுக்கு 80, 140, 190, 250, 300, 360 எனச் சிதறும்போது இசைவு குலைகிறது. அத்துடன் நொடிக்கு 60 முறை குரல் அடங்கி எழுவதால் கரகரப்பான நடுக்கமும் சேர்கிறது. அலையின் அதிர்வெண்ணைச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் மணியோசை போன்ற ஒலி வந்து சொற்கள் புரியாமல் போகும். வசனம் விளங்க வேண்டும், பேசுபவர் மனிதராகத் தோன்றவும் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றியதே இக்குறைந்த அளவின் சிறப்பு.

ஆயினும் டாலெக்குகளின் முதற்கதையில் குரல் கொடுத்த பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் ஆகிய நடிகர்களின் பங்கு ஹாட்ஜ்சனின் பங்கிற்குக் குறைந்ததன்று. அவர்கள் ஒலிவாங்கி முன் பேச, உலோகக் கூடுகளுக்குள் அமர்ந்திருந்த வேறு நடிகர்கள் சொல்லுக்குச் சொல் தலைவிளக்கை மின்னச் செய்தனர். அசைகளைத் தனித்தனியே வெட்டி உச்சரிப்பதும், உயிரொலிகளை நீட்டிப் பிடிப்பதும், சினம் ஏறும்போது குரலைப் படிப்படியாக உயர்த்தி அலறலாக்குவதும் எந்தச் சுற்றாலும் தர முடியாதவை. ஒலி நடுங்குவதற்கு நீண்ட உயிரொலி தேவை; சொல்லை விழுங்கிப் பேசினால் கருவிக்கு வேலையே இருக்காது.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் இலவசமாக வெளியான ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருள், முன்பு டயோடுகளையும் மின்மாற்றிகளையும் வாங்கிப் பற்றவைத்தோர் செய்த வேலையை விசைப்பலகைக்கு மாற்றியது. அதனுடன் இணைந்துள்ள நைக்விஸ்ட் என்னும் நிரல்மொழியில் ஒரே வரி எழுதினால் பதிவுசெய்த குரலை 30 ஹெர்ட்ஸ் அலையால் பெருக்கிவிடலாம். ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ என்ற விளைவை இதற்கு ஈடாகக் கொள்வது பரவலான பிழை. அதில் மூலக்குரல் மறையாமல் எஞ்சி நிற்பதால், மின்விசிறி முன் பேசிய மனிதர்தான் கேட்கிறாரே தவிர டாலெக் கேட்பதில்லை. சரியாகப் பெருக்கிய பின்னும் விளைவு அளவுக்கு மீறித் தூய்மையாக அமைவதுண்டு. கணினியின் பெருக்கல் கணிதப் பெருக்கல். டயோடுகளோ சிறிய மின்னழுத்தத்துக்குத் திறவாமலும் பெரியதற்கு ஒலியை வளைத்தும் தம் குறைகளைக் குரலில் பதித்துவிடுகின்றன. பிபிசியின் ஆய்வுப் பிரிவே 2012இல் பட்டறையின் பழைய கருவிகளை இணைய உலாவியில் இயங்கும் வகையில் மீட்டுருவாக்கியபோது, வெறும் பெருக்கலோடு நிற்காமல் டயோடுகளின் நடத்தையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டில் முயல்வோர் குரலைச் சற்றே சிதைத்து, அடித்தள ஒலிகளைக் குறைத்து இதே இடத்தை அடைய முற்படுகின்றனர்.

பிபிசிக்கே இக்குரல் எல்லா நேரமும் பிடிபட்டுவிடவில்லை. 1972இல் வெளிவந்த ‘டே ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையில் வேறு நடிகர்கள் பேசிய குரல் முந்தையதினின்று வெளிப்படையாக விலகி, தட்டையாக ஒலித்தது. 1980களில் ரசிகர்கள் தாமே தயாரித்துக் கேசட்டில் வெளியிட்ட ஒலி நாடகங்களில் நாயகனான டாக்டராக நடித்தவரும், 2005இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது அதிகாரபூர்வ டாலெக் குரலாக அமர்ந்தவருமான நிக்கலஸ் பிரிக்ஸ், மூக் நிறுவனத்தின் சிறிய ரிங் மாடுலேட்டரைக் கைவசம் வைத்துக்கொண்டு படப்பிடிப்புத் தளத்திலேயே பேசிவருகிறார். 1972 கதையின் சிறப்பு டிவிடி பதிப்பு 2011இல் வெளியானபோது, அதிலிருந்த டாலெக் வசனங்களை மீண்டும் பேசித் தரும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது.