எலும்புக்கும் உலோகத்துக்கும் ஒரு பந்தயம்

முதுகில் ஆபரேஷன் ஆன ஒருவர் இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், வீட்டிலும் தெருவிலும் அலுவலகத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "மறுபடியுமா? அப்ப முதல் தடவை சரியாப் பண்ணலையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு வயது நூற்றுச் சொச்சம் வருடங்கள்தான். அதற்கு முன் முதுகெலும்பு முறிந்தவரிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்க முடியாது. முதல் தடவை என்ற ஒன்றே அப்போது கிடையாது.

1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்தின் லக்சர் நகரில் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். ஏறக்குறைய 3600 ஆண்டுப் பழமையான பிரதி அது. மூலம் அதைவிடப் பழையது. 48 காயங்களை அது தலையில் தொடங்கி வரிசையாக விவரிக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் மூன்று தீர்ப்புகளில் ஒன்று இருக்கும்: வைத்தியம் பார்க்கலாம், போராடிப் பார்க்கலாம், வைத்தியம் இல்லை. கழுத்து எலும்பு விலகி, கை கால் இருப்பதே தெரியாமல், சிறுநீர் தானாகச் சொட்டிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு மூன்றாவது தீர்ப்பு. எழுதிய வைத்தியர் கருணையற்றவர் இல்லை. அறிகுறிகளை அவ்வளவு கவனமாகக் குறித்திருக்கிறார், தன்னால் முடியாது என்பதையும் அதே கவனத்தோடு குறித்திருக்கிறார். சுருள் 48வது காயத்தில், அதுவும் முதுகெலும்பைப் பற்றிய ஒன்றில், பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறது.

அந்தத் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டு வரை கிட்டத்தட்ட மாறவில்லை. முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். கொன்றது முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பாதையில் பரவிய தொற்றும்.

இதை மாற்றியவர் லுட்விக் குட்மன். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர் செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை: நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாள், சீக்கிரம் உட்கார வை, வேலை கொடு, விளையாட விடு. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் விதை அதுதான்.

குட்மனைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. முறிந்த முதுகெலும்பை உடனே அறுத்துச் சரிசெய்வதை அவர் கடுமையாக எதிர்த்தார். தலையணைகளை அடுக்கி, உடலைச் சரியான நிலையில் வாரக்கணக்கில் படுக்க வைத்தால் எலும்பு தானே கூடும் என்பது அவர் கட்சி. அவர் காலத்து ஆபரேஷன்கள் இருந்த லட்சணத்தில் அந்த எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது.

*

கத்தியின் கதை இன்னொரு நோயிலிருந்து தொடங்குகிறது. 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காசநோய் அரித்த முதுகெலும்பு மடங்கிக் கூன் விழுவதைத் தடுக்க, பக்கத்துப் பக்கத்து எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைத்துவிடலாம் என்பது யோசனை. ஹிப்ஸ் அங்கேயே இருக்கும் எலும்பைச் செதுக்கிப் பாலம் போட்டார். ஆல்பி கணைக்கால் எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து பதித்தார். இருவரும் உலோகத்தை நம்பவில்லை. எலும்பு எலும்போடு சேரும், அதுவரை நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

உலோகத்தைப் பெரிய அளவில் உள்ளே கொண்டுவந்தது போலியோ. 1940களின் இறுதியில் ஹூஸ்டனில் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகள் பால் ஹாரிங்டனிடம் வந்தார்கள். நெஞ்சுத் தசைகள் பலவீனமான அந்தக் குழந்தைகளுக்கு மாவுக்கட்டுச் சட்டை போட்டால் மூச்சு விடுவதே சிரமம். உள்ளேயே கொக்கியும் கம்பியும் வைத்து முதுகை நிமிர்த்தினார். முதுகு நிமிர்ந்தது. பிறகு கொக்கி கழன்றது, கம்பி உடைந்தது, வளைவு திரும்பி வந்தது.

இதில் ஒரு எஞ்சினியருக்கு ஆச்சரியம் எதுவும் இருக்காது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், ஒரே தடவையில் உடையாத அளவுக்கு லேசாக வளைத்தாலும் ஒருநாள் உடையக்கூடும். உலோகக் களைப்பு என்று முதல் வருடப் பாடத்திலேயே வரும். நாம் நடக்கிறோம், குனிகிறோம், உட்கார்ந்து எழுகிறோம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை அந்தக் கம்பி வளைகிறது. கொக்கியை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று ஹாரிங்டன் புரிந்துகொண்டார். கம்பி தற்காலிகச் சாரம் மட்டுமே. அது தாங்கிக்கொண்டிருக்கும்போதே எலும்புகள் ஹிப்ஸ் காட்டிய வழியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1962இல் தன் முறையை வெளியிட்டபோது கம்பியும் எலும்பு ஒட்டும் சேர்ந்தே இருந்தன. முதுகெலும்பு டாக்டர்கள் இன்றும் இதை ஒரு பந்தயம் என்பார்கள். உலோகம் களைத்து உடைவதற்குள் எலும்பு கூடிவிட வேண்டும்.

பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கும் கதை முடியவில்லை. ஹாரிங்டன் கம்பி முதுகை இழுத்து நிமிர்த்தும். இடுப்புக்கு மேலே இயல்பாக இருக்கவேண்டிய உள்வளைவும் அதில் தட்டையாகிவிடும். பல வருடங்கள் கழித்து அவர்களில் பலரால் நேராக நிற்க முடியவில்லை. முன்னால் சாய்ந்தபடி, முழங்காலை மடக்கி நின்றார்கள். முதல் ஆபரேஷன் வெற்றி. அதனாலேயே இரண்டாவது தேவைப்பட்டது.

*

என் முதுகில் இருப்பது வேறொரு வம்சம். 1963இல் பாரிஸில் ரேமண்ட் ருவா-காமியே கொக்கிக்குப் பதில் ஸ்க்ரூவைத் தேர்ந்தார். ஒவ்வொரு முதுகெலும்பிலும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் இரண்டு குட்டித் தூண்கள் உண்டு. அவற்றின் வழியாக ஸ்க்ரூ இறங்கினால் எலும்பின் முழு ஆழத்தையும் பிடித்துக்கொள்ளும். தூணின் அகலம் பல இடங்களில் சில மில்லிமீட்டர்தான், உள்பக்கமாகக் கொஞ்சம் தவறினால் தண்டுவடம். அந்தத் துணிச்சல்தான் இன்று உலகம் முழுக்க விபத்துக் காயங்களுக்கு வழக்கமான வைத்தியம்.

விபத்தில் அதிகம் உடையும் இடம் மார்பும் இடுப்பும் சந்திக்கும் பகுதி. மேலே விலா எலும்புகள் பிடித்துக்கொண்ட விறைப்பான கூடு, கீழே வளைந்து கொடுக்கும் இடுப்பு. விறைப்பானதும் வளைவதும் சேரும் மூட்டில்தான் விசை குவியும். சாலையில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் என் பைக் சறுக்கியபோது எனக்கும் அங்கேதான், இடுப்பின் முதல் எலும்பு நொறுங்கியது. எட்டு ஸ்க்ரூ, இரண்டு ராடு. இரண்டு வருடம் கழித்து இடது ராடு உடைந்தது. எலும்பு கூடவில்லை, பந்தயத்தில் தோற்றிருந்தேன். இடுப்பெலும்பிலிருந்து சீவி எடுத்து மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை கூடியது. இப்போது அதற்குக் கீழே உள்ள மூட்டு தேய்கிறது. ஒட்டிய எலும்புகள் அசைவதில்லை, அவற்றின் பங்கு அசைவும் பக்கத்து மூட்டின் தலையில் விழுகிறது. மூன்றாவதைப் பற்றி டாக்டர் பேசத் தொடங்கியிருக்கிறார்.

அம்மா கேட்டார், "யாருப்பா தப்புப் பண்ணது?" யாரும் பண்ணவில்லை. எலும்பு கூடாமல் போவது, ஸ்க்ரூ தளர்வது, தொற்று, பக்கத்து மூட்டுத் தேய்வது எல்லாம் திறமையான கைகளிலும் நடப்பவை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே தழும்பு கூடும், நரம்பைப் பிரித்தெடுப்பது கடினமாகும், பலன் கிடைக்கும் வாய்ப்பு குறையும். ஆகவே மூன்றாவது முறை என்பது முதல் முறையின் மறு ஒளிபரப்பு இல்லை. வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்கு இரண்டு பெண்களின் வாழ்க்கையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் ஃப்ரிடா காலோ. 1925இல் மெக்சிகோ நகரில் அவர் போன பஸ்ஸின் மீது டிராம் மோதியது. அப்போது வயது 18. 1946இல் நியூயார்க்கில் இடுப்பெலும்புத் துண்டும் உலோகமும் வைத்து முதுகை ஒட்டினார்கள். வலி போகவில்லை. 1950இல் வருடத்தின் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில், தொற்று, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். அவருக்கு நடந்த ஆபரேஷன்களில் பல தேவையே இல்லாதவை என்று அவருடைய நண்பரான டாக்டர் லியோ எலோசர் கருதினார். காலோ 1954 ஜூலையில் இறந்தார்.

அதே 1954இல் வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் ஒரு கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது, அது திரும்பவில்லை. தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த பால் பிராண்ட் அவரிடம் சொன்னது எளிய விஷயம்: கையில் ஆபரேஷன் செய்ய நிற்கவேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் சர்ஜன் ஆனார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்தார். 1966இல் வேலூரில் முதுகு முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972இல் பத்மஸ்ரீ.

காலோ செய்தது தப்பு, மேரி செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய காயங்கள் வேறு. காலோவுக்கு வலி, வலியில் இருப்பவருக்கு இன்னொரு ஆபரேஷன் என்பது இன்னொரு கதவு. நானும் அந்தக் கதவைத் தட்டக்கூடும். ஆனால் மேரி வர்கீஸின் கதையில் கேள்வியே மாறிவிட்டது. "முதுகு சரியாகுமா" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது, "இந்த முதுகோடு எந்த வேலைக்கு நிற்கவேண்டியதில்லை" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். ஆபரேஷன் செய்தால் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார முடியும். செய்யாவிட்டால் எத்தனை மணி நேரம். கால் பலம் குறைய ஆரம்பித்தால் எவ்வளவு சீக்கிரம் வரவேண்டும். நான்காவது வரும் வாய்ப்பு என்ன. சரியாகுமா என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை.