இடுப்பில் கட்டிய கயிறு

எங்கள் சிங்கம்புணரியில் தென்னை நாரைத் திரித்துக் கயிறாக்குவது பழைய தொழில். அந்தக் கயிறு கிணற்றுக்குப் போகும், மாட்டுக்குப் போகும், பந்தலுக்குப் போகும். இந்தப் பதிவு கட்டிலுக்குப் போன கயிற்றைப் பற்றி. இடுப்பில் ஒரு பெல்ட், அதிலிருந்து ஒரு கயிறு, கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பி, மறுமுனையில் தொங்கும் மணல் பை. கால்மாட்டுப் பக்கம் கட்டில் காலுக்கு அடியில் செங்கல். இடுப்பில் ஆரம்பித்துத் தொடை வழியாகப் பாதம் வரைக்கும் வெட்டி இழுக்கும் வலி (சயாட்டிகா) வந்தவர்கள் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். "இடுப்புக்கு வெயிட் போட்டிருக்கு" என்பார்கள்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று தேடினால், மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் சிலர் நேராகப் பாகவதத்துக்குப் போய்விடுகிறார்கள். மதுராவில் கூனியின் பாதத்தைத் தன் காலால் அழுத்தி, தாடையில் இரண்டு விரல் கொடுத்துக் கண்ணன் தூக்க, அவள் நிமிர்ந்துவிடுகிறாள். அது அருளைச் சொல்லும் கதை, அதை வைத்தியக் குறிப்பாகப் படிப்பது அதிகப்படி. ஆனால் கீழே அழுத்தி மேலே இழுத்தால் முதுகு நிமிரும் என்ற எண்ணம் அதை எழுதியவருக்கு இருந்திருக்கிறது, அவ்வளவு சொல்லலாம். சுச்ருத சம்ஹிதையில் இருப்பது அதைவிட உறுதியான சான்று. தொடை, இடுப்பு, முதுகெலும்பு முறிந்தவரைப் பலகையில் படுக்க வைத்து, அசையாதபடி ஐந்து இடங்களில் முளையடித்துக் கட்டச் சொல்கிறது.

கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில் இரண்டு கருவிகள் வருகின்றன. ஒன்று ஏணி. நோயாளியை ஏணியோடு சேர்த்துக் கட்டி, உயரத்திலிருந்து தொப்பென்று இறக்குவது! கூட்டத்தை வாய்பிளக்க வைக்கும் ஏமாற்றுக்காரர்களின் வேலை என்று நூலாசிரியரே இதைத் திட்டுகிறார். அவருக்குப் பிடித்தது இரண்டாவது: குப்புறப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இழுத்து, நடுவில் கூனை அழுத்தும் பலகை. கவனியுங்கள், இதுவும் கூனுக்குத்தான். கால் வலிக்கு இல்லை.

கால் வலிக்குக் காரணம் நரம்பு என்று தனியாகப் பிரித்துக் காட்டியவர் நேப்பிள்ஸ் நகரத்து டொமினிக்கோ கொட்டுன்யோ, 1764ல். நரம்பைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதால் வலி என்றார். நூறு வருஷம் கழித்து ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் ஒரு படி மேலே போய், தொடையைத் திறந்து நரம்பையே விரலால் இழுத்துப் பார்த்தார்கள். படிக்கும்போதே எனக்கு இடுப்பு ஒருமாதிரி ஆனது. 1934ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பாஸ்டன் மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று காட்டினார்கள். நம்ம ஊரில் "ஜவ்வு விலகிருச்சு" என்கிறோமே, அந்தக் கதை பிறந்தது அங்கேதான். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949லும், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950லும் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறைகளைத் தொடங்கினார்கள். அதே 1950களில் லண்டனில் ஜேம்ஸ் சிரியாக்ஸ், எலும்புகளை விலக்கி இழுத்தால் பிதுங்கிய டிஸ்க் உறிஞ்சப்பட்டு உள்ளே போகும் என்று சொல்லி, இழுவை சிகிச்சையைப் பிரபலமாக்கினார்.

விலகிய எலும்பு, கோத்த நீர், பிதுங்கிய டிஸ்க் என்று நோய்க்கான காரணம் ஒவ்வொரு காலத்திலும் மாறியிருக்கிறது. இழுப்பது மட்டும் மாறவில்லை.

சரி, கட்டில் கயிறு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது? படித்தது பி.இ., கணக்குப் போடாமல் இருக்க முடியாது. படுத்திருக்கும் மனிதனின் கீழ்ப் பாதி உடம்பு மெத்தையோடு உராய்கிறது. அதை நகர்த்தவே மொத்த எடையில் கிட்டத்தட்ட 26 சதவீதம் விசை வேண்டும் என்று 1955ல் ஜுடோவிச் அளந்து சொன்னார். 70 கிலோ ஆளுக்கு 18 கிலோ. நம் வீட்டு மணல் பையில் இருப்பது ஐந்து கிலோ, மிஞ்சிப் போனால் ஏழு. அதாவது முதுகெலும்பு வரைக்கும் இழுவை போய்ச் சேருவதற்குள் மெத்தையே அதைத் தின்றுவிடும். அந்தப் பை செய்கிற ஒரே வேலை, ஆளை எழுந்திருக்க விடாமல் படுக்கப் போடுவது.

படுத்துக் கிடந்தால் குணமாகுமா? நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மறுபாதியை வழக்கம்போல நடமாட விட்டார்கள். 1999ல் முடிவு வந்தது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இந்த ஒரு எண்தான் எனக்குக் கயிற்றின் ரகசியத்தைச் சொன்னது. பெரும்பாலானவர்களுக்கு வலி தானாகவே இறங்குகிறது, அந்த நேரத்தில் இடுப்பில் என்ன கட்டியிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைக்கிறது.

பிசியோதெரபி மையங்களில் கட்டில் இரண்டு துண்டாகப் பிரிந்து நகரும், அதனால் உராய்வுப் பிரச்சினை அங்கே குறைவு. ஆனால் 2013ல் காக்ரேன் குழு 32 ஆய்வுகளை, 2,762 பேரை, சேர்த்துப் பார்த்தபோதும் இழுவையால் பெரிய பலன் தெரியவில்லை. 2016ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. தலைகீழாகத் தொங்குகிற பலகைக்கு மட்டும் நியூகாசிலில் நடந்த ஒரு சின்ன ஆய்வு (2012) ஆதரவாக இருக்கிறது. அதில் இருந்தவர்கள் மிகச் சிலர், அதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். ரத்த அழுத்தமோ, கண்ணில் நீர் அழுத்த நோயோ இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

வயசானவர்களிடம் "ஐந்து கிலோவில் ஒன்றும் ஆகாது" என்று வாதாடிப் பிரயோஜனம் இல்லை, நானும் விட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் பையின் எடையை இஷ்டத்துக்கு ஏற்றுகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எலும்பு தேய்ந்து பலவீனமானவர்களுக்கும், முதுகெலும்பில் காசநோயோ புற்றுநோயோ இருப்பவர்களுக்கும் இழுப்பது ஆபத்து. வெளியே பார்த்தால் அதுவும் சாதா முதுகுவலி மாதிரிதான் இருக்கும். அப்புறம், சிறுநீர் போக முடியவில்லை, உட்காருகிற இடம் மரத்துப்போச்சு, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், கப்பியைத் தேடாதீர்கள். விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே மதுரைக்கு வண்டி பிடித்துவிடுங்கள்.