மியூனிக் வசந்த விழா

ஜெர்மனியின் தெற்கில், பவேரிய மாநிலத் தலைநகரான மியூனிக்கில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே முற்பகுதி வரை நடக்கும் பீர் விழா இது. ஜெர்மானியர் இதை ஃப்ரூலிங்ஸ்ஃபெஸ்ட் என்பார்கள். உலகப் புகழ்பெற்ற அக்டோபர் விழா நடக்கும் அதே தெரேசியன்வீஸெ திடலில்தான் இதற்கும் கூடாரம் போடுகிறார்கள். அக்டோபர் விழாவை ஊர்க்காரர்கள் 'வீஸ்ன்' என்று செல்லமாகச் சொல்வதால், வசந்த விழாவுக்கு 'வீஸ்னின் தங்கை' என்ற பெயரும் உண்டு.

திடல் பழையது. 1810 அக்டோபர் 12 அன்று பவேரியப் பட்டத்து இளவரசர் லுட்விக், இளவரசி தெரேசாவை மணந்தார். ஐந்து நாள் கழித்து நகருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அந்தப் புல்வெளிக்கு மணமகளின் பெயரையே வைத்தார்கள். அக்டோபர் விழாவும் அந்தப் பந்தயத்திலிருந்து வளர்ந்ததுதான்.

ஏப்ரலுக்கும் பவேரிய பீருக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. கோடை வெப்பத்தில் காய்ச்சிய பீர் சீக்கிரம் புளித்துக் கெட்டுவிடும். அதனால் 1553இல் வந்த ஆணை, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று வரம்பு கட்டியது. ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள். கோடை முழுவதும் தாங்க வேண்டுமே என்று மார்ச் மாதத்தில் கொஞ்சம் கடுமையாகவே காய்ச்சி, நிலத்தடி அறைகளில் சேமித்தார்கள். அறை சூடேறாமலிருக்க மேலே சரளை பரப்பி, நிழலுக்குக் கஷ்கொட்டை மரம் நட்டார்கள். பவேரியாவின் பீர் தோட்டங்கள் பிறந்தது அந்த நிழலில்தான். 1870களில் கார்ல் ஃபான் லிண்டெயின் குளிரூட்டும் இயந்திரம் மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலைக்கு வந்தது. அதன் பிறகு பருவத்தை எதிர்பார்த்துக் காய்ச்ச வேண்டிய அவசியமே போயிற்று. வசந்தத்தில் 'மைபொக்' என்னும் கடும் பீரைத் தேடிக் குடிக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

வசந்த விழா தொடங்கியது 1965இல். அதன் உயிர்நாடி ராட்டினக்காரர்கள். தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்யும் இக்குடும்பங்களை ஜெர்மனியில் ஷாவ்ஷ்டெல்லர் என்பார்கள். குளிர்காலத்தில் முடங்கிக் கிடந்த வண்டிகள் மறுபடி சாலைக்கு வரும் பருவம் இது. விழாவை நடத்துவதும் அவர்களுடைய அமைப்புதான். ராட்சத ராட்டினம், மோதும் கார்கள், பேய் வீடு, துப்பாக்கி சுடும் கடை எல்லாம் உண்டு. சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமின் மணம் திடலெங்கும் வீசும். இங்குள்ள 'ஹிப்போட்ரோம்' என்ற பீர் கூடாரத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு: கார்ல் கேப்ரியல் 1902இல் அக்டோபர் விழாவில் அமைத்த முதல் ஹிப்போட்ரோமில், வந்தவர்கள் கூடாரத்துக்குள்ளேயே குதிரை ஏறிச் சுற்றினார்கள்.

அக்டோபர் விழாவின் பிரமாண்டம் இங்கே இல்லை. திடலின் ஒரு பகுதியே போதுமாக இருக்கிறது. அதுதான் இதன் சிறப்பும். வெளிநாட்டுக் கூட்டத்தின் நெரிசலில்லாமல், அக்கம்பக்கத்தார் குழந்தைகளோடு வந்து, நீண்ட பெஞ்சில் முன்பின் தெரியாதவரின் பக்கத்தில் உட்கார்ந்து, 'மாஸ்' எனப்படும் ஒரு லிட்டர் கோப்பையை உயர்த்துகிறார்கள். மியூனிக் மக்களின் விழாவைப் பார்க்க விரும்புகிறவர் தங்கையிடம்தான் வர வேண்டும்.

கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் திடலில் இரு விழாக்களும் நடக்கவில்லை. 2022 ஏப்ரலில் அங்கே முதலில் பீப்பாய் திறந்தது வசந்த விழாதான். அக்டோபர் விழா திரும்ப செப்டம்பர் ஆயிற்று.

திடலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. போக நினைப்பவர்கள் விழாவின் முதல் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்று காலை பவேரிய செஞ்சிலுவைச் சங்கத்தின் மாபெரும் பழம்பொருள் சந்தை அதே திடலில் கூடுகிறது.