பெர்த்தாம் மட்டையும் பிவிசி குழாயும்

பினாங்கு என்றதும் பலருக்கும் தீவுதான் நினைவுக்கு வருகிறது. கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், வயலும் தோட்டமுமாகப் பரந்த கெப்பாலா பத்தாஸ் வட்டாரமும் அந்த மாநிலத்தின் பகுதியே. அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை அதன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால் ஊரின் பெயர் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தது. அதே வட்டாரத்தில் பெர்த்தாம் என்றோர் இடம். பெர்த்தாம் என்பது ஒரு பனை இனத்தின் மலாய்ப் பெயர். உயர்ந்த மரம் அல்ல. தரையிலிருந்தே புதராகக் கிளம்பும். ஓலை கூரைக்கு ஆகும். மட்டையைப் பிளந்து வீட்டுக்குச் சுவர் வைப்பார்கள்.

அந்த மட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. காட்டில் வாழும் ஓராங் அஸ்லி மக்கள் அதைச் சீவித்தான் ஊதுகுழல் அம்பு செய்தார்கள்.

ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய், மூடி, வால்வு வாங்கிக் காற்றுத் துப்பாக்கி செய்ய முனையும் இளைஞர், ஏதோ இந்தக் காலத்து வித்தை என்று நினைக்கலாம். குழல், அதற்குள் சரியாகப் பொருந்தும் ஒரு பொருள், பின்னாலிருந்து தள்ளும் காற்று: இந்த மூன்றையும் மலாயாக் காடு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அங்கே தள்ளும் காற்று மனிதனின் மூச்சு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட முடியுமா என்பதே கேள்வி.

தீபகற்பத்து ஊதுகுழல் பெரும்பாலும் மூங்கிலால் ஆனது. கணுக்களுக்கு இடையே மிக நீளமாக வளரும் ஒரு மூங்கில் இனத்தைத் தேடி மலையேறுவார்கள். மெல்லிய உள்குழலும் அதைக் காக்கும் வெளிக்குழலுமாக இரண்டு அடுக்கு. நீளம் ஏறக்குறைய ஆறடி. போர்னியோவில் அப்படியில்லை; அங்கே கடின மரத்தைத் துளையிட்டுச் செய்வார்கள். அம்பின் பின்முனையில் தக்கை போன்ற மென்மையான கூம்பு, அதன் பின்னால் பஞ்சு போன்ற நார். இந்த நார்தான் சூட்சுமம். மூச்சு பக்கவாட்டில் கசியாமல் அடைத்து, முழு வேகமும் அம்புக்கே போகச் செய்கிறது. குழாய் வேலை தெரிந்தவர்கள் இன்று 'வாஷர்' என்று சொல்லும் வேலையை அந்த நார் செய்தது.

ஈப்போ என்ற ஊரின் பெயர், அம்பு முனையில் தடவும் நஞ்சைத் தரும் மரத்திலிருந்து வந்தது. அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்தால் இதயத்தைத் தாக்கும். குரங்கு, அணில், பறவை என்று மரத்தின் மேலிருக்கும் உயிர்களுக்குத்தான் இந்தக் கருவி.

தமிழ்நாட்டிலும் ஊதுகுழல் இருந்திருக்கிறது. தமிழில் அதற்குச் 'சுங்குத்தான்' என்று பெயர், மலையாளத்தில் 'தூம்பிதான்'. மலாய் மொழியில் 'சும்பித்தான்'. மூன்றையும் அடுத்தடுத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே உறவு காதில் விழும். சென்னை மாகாணத்தில் மீன்துறை அதிகாரியாகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல், வளரி பற்றி 1924-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். சொல் மலாயாவிலிருந்து இங்கே வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். சோழர் கப்பல் கிழக்கே கொண்டுபோனவற்றை மேடைதோறும் பேசுகிறோம். கப்பல் திரும்பி வரும்போது கொண்டுவந்ததைப் பேசும் வழக்கம் குறைவு. சுங்குத்தான் அப்படித் திரும்பி வந்த சரக்கு.

காற்றை மூச்சோடு விடாமல் அடைத்து வைக்கும் முயற்சியும் பழையதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிடெசிபியஸ் காற்றழுத்தத்தால் எறியும் பொறியை வடிவமைத்தார். ஐரோப்பாவில் இன்றுவரை எஞ்சியுள்ள மிகப் பழைய காற்றுத் துப்பாக்கிகள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. ஆனால் அதை ராணுவத்துக்குக் கொண்டுபோனவர் திரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமியஸ் ஜிராண்டோனி. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை அவரது துப்பாக்கியை ஏற்றது. புகை இல்லை, பெரிய ஓசை இல்லை, மழையில் நனையும் வெடிமருந்து என்ற தொல்லையும் இல்லை. ஏறக்குறைய இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். துப்பாக்கியின் அடிக்கட்டையே காற்றுக்கலம்.

அந்தக் கலத்தை நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும்! தோல் அடைப்பு காய்ந்தால் காற்று கசியும். கலத்தை உறுதியாகச் செய்யத் தேர்ந்த கொல்லர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. 1815 அளவில் படை அதைக் கைவிட்டது. ஒரு பேரரசின் ஆயுதசாலைக்கே பெரும்பாடாக இருந்த வேலை எதுவென்றால், குழலும் அல்ல, குண்டும் அல்ல. அழுத்திய காற்றை வெடிக்காமல் பிடித்து வைப்பதுதான்.

ஹார்டுவேர் கடைக் குழாயின் சிக்கலும் அதே இடத்தில்தான். பிவிசி குழாய் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. அதன் மேல் அச்சிட்ட அழுத்த அளவும் தண்ணீருக்கானதே. தண்ணீர் ஏறக்குறைய சுருங்காத பொருள். குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியல்ல, சுருங்கிய சுருள்வில் போலக் காத்திருக்கும். குழாய் பிளந்தால் பல மடங்கு விரிந்து, பிளாஸ்டிக் சில்லுகளைக் கத்தியாக வீசும். வெயிலில் கிடந்த குழாய் நொறுங்கும் தன்மை அடையும். வெப்பம் கூடக் கூட அதன் வலிமை குறையும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1988-லேயே, தரைக்கு மேல் அழுத்தக் காற்றைக் கொண்டுபோக பிவிசி குழாயைப் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அது தொழிற்சாலைகளுக்குச் சொன்னது. வீட்டு முற்றத்துக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

காற்றுக்குப் பதில் கார்பைடு வாயு வந்தால் இன்னும் மோசம். மலேசியாவில் நோன்புப் பெருநாள் காலத்து மூங்கில் பீரங்கி பழைய வழக்கம். அதில் விரலும் பார்வையும் இழந்த பிள்ளைகள் உண்டு. 2025 அக்டோபரில், தீபாவளியையொட்டி, மத்தியப் பிரதேசத்தில் பிவிசி குழாயால் செய்த 'கார்பைடு துப்பாக்கி' நூற்றுக்கும் மேற்பட்டோரின் கண்ணைக் காயப்படுத்தியது, பலர் சிறுவர். போபால் மருத்துவமனைகளின் கண் பிரிவுகள் நிரம்பின. பல சிறுவர்கள், வெடிக்காத குழாய்க்குள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்த நொடியில் அடிபட்டவர்கள். விளையாட்டுப் பொருள் என்றுதான் அது சாலையோரத்தில் விற்கப்பட்டது.

மலேசியாவில் சட்டமும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். "சும்மா காற்றுதானே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்தக் கடுமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் தமிழர் ஒருவரின் உயிரும் இருக்கிறது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதைக் காவலரிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றார் என்பது அவர் தரப்பு வாதம். இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. அதற்கு முன்தினம் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டப்புறத்துப் பெரியவர்கள் பிள்ளைகள் கையில் துப்பாக்கி போன்ற எதைக் கண்டாலும் பதறியதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அப்படியானால் பிள்ளைகள் காற்றோடு விளையாடவே கூடாதா? சத்தீஸ்கர் மாநிலம் ஜக்தல்பூரில், பஸ்தர் பழங்குடி மக்கள் ரத யாத்திரையை ஒட்டி 'கோஞ்சா' விழா எடுக்கிறார்கள். அதில் ஜகந்நாதருக்கு மரியாதை செலுத்துவது 'துப்கி' என்ற மூங்கில் துப்பாக்கி. நம்மூரில் வாலுளுவை எனப்படும் கொடியின் காய்தான் குண்டு. முன்னால் ஒரு காய் குழலை அடைத்திருக்கும். பின்னால் இன்னொன்றைக் குச்சியால் தள்ள, இடையில் மாட்டிய காற்று நெருங்கி, முன்காய் 'டப்' என்று பறக்கும். காற்று அடைபட்டிருப்பது ஒரு கணம் மட்டுமே. அதுவும் தள்ளும் கையின் பலத்தளவே. மலாய்க் கிராமங்களிலும் இதே வகை மூங்கில் விளையாட்டு உண்டு. தேர் நகரும்போது நூற்றுக்கணக்கான துப்கிகள் ஒன்றாக ஒலிக்கின்றன. முதுகில் காய் பட்டவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் துப்கியில் அடுத்த காயைத் திணிக்கிறார்.