அணை முழுகடித்த பண்ணையும் அயல்நாடு போன வித்தும்



அமெரிக்காவிலே, கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கிற ஷாஸ்டா நீர்த்தேக்கத்தின் கதையை இன்றைக்குப் பார்ப்போம். "அது நமக்கு எதுக்குங்க?" என்று கேட்கலாம். வித்து காக்கிறவர்கள் எல்லாருக்கும் அதிலே ஒரு சேதி இருக்கிறது.

நம் மேட்டூர் அணையின் கொள்ளளவு சுமார் 93 டி.எம்.சி. ஷாஸ்டாவோ ஏறக்குறைய 198 டி.எம்.சி. பிடிக்கும். சாக்ரமெண்டோ, மெக்ளவுட், பிட் என்ற மூன்று ஆறுகள் அதில் வந்து சேருகின்றன. அங்கே மார்ச் முதல் மே வரை வசந்த காலம். தண்ணீர் 15 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறியதும் பாஸ் மீன்கள் கரையோரம் வந்து, தரையைக் குழித்து முட்டையிடும். நம் விராலைப் போலவே ஆண் மீன் காவல் நிற்கும். அந்தச் சமயம் நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டை காய்ந்து வீணாகிவிடும். டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர்தான் வேண்டும். வசந்தத்தில் மேலாக மேயும். வெயில் ஏற ஏற ஆழத்துக்கு இறங்கிவிடும். தூண்டில்காரர்கள் இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் போகிறார்கள்.

இதில் பாஸ் அந்த மண்ணின் மீனே அல்ல. 1872-இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் மெக்ளவுட் ஆற்றங்கரையில் அரசாங்கத்துக்காக ஒரு மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். பெயர்டு நிலையம் என்று அதற்குப் பெயர். சால்மன் முட்டைகளைச் சேகரித்து நாட்டின் கிழக்குப் பகுதிக்கு அனுப்புவதுதான் வேலை. அந்த ஊர்ப் பழங்குடிகளான வின்னமெம் விண்டு மக்களும் அங்கே உழைத்தார்கள். 1873-இல் ஸ்டோன் கிழக்கிலிருந்து ரயிலில் மீன் கொண்டுவரும்போது நெப்ராஸ்காவில் பாலம் இடிந்து, மீனெல்லாம் ஆற்றோடு போயிற்று. மனிதர் விடவில்லை. 1874-இல் சிறுவாய் பாஸ் மீனைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தே சேர்த்தார். மெக்ளவுட் ஆற்றின் ரெயின்போ டிரவுட் முட்டைகளும் 1880 முதல் வெளியூர்களுக்குப் போயின. நம் நீலகிரி ஓடைகளில் விடப்பட்டதும் இதே ரெயின்போ டிரவுட் இனம்தான்.

பிறகு அணை வந்தது. 1938-இல் தொடங்கி 1945-இல் முடிந்தது. உயரம் 602 அடி. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அது பெரும் பலன் தந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெயர்டு நிலையம் இருந்த இடமும், வின்னமெம் விண்டு மக்களின் ஊர்களும் முழுகிப்போயின. கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த சால்மனுக்கு வழி அடைபட்டது. தேங்கின நீரில் பாஸ் பெருகிற்று. ஆற்றை நம்பிய சால்மன் மெக்ளவுட்டை விட்டே மறைந்தது.

காவிரியிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்ததுங்க. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், கடலிலிருந்து ஏறிவந்த உல்லம் மீனின் வரத்து குறைந்துபோயிற்று.

ஷாஸ்டா கதை அத்தோடு முடியவில்லை. 1901-க்கும் 1907-க்கும் இடையே பெயர்டு நிலையத்திலிருந்து நியூசிலாந்துக்குச் சால்மன் முட்டைகள் போயிருந்தன. அங்குள்ள ஆறுகளில் அவை வேரூன்றிவிட்டன. 2010-இல் வின்னமெம் விண்டு மக்கள் அங்கே போய், ரகாயா ஆற்றங்கரையில் ஆடிப் பாடி, அந்த மீனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். 2022-இல் அணையடியில் இருக்கும் பொரிப்பகத்திலிருந்து சுமார் 40,000 சால்மன் முட்டைகளை மெக்ளவுட் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்தார்கள். அந்தப் பொரிப்பகத்துக்கு லிவிங்ஸ்டன் ஸ்டோன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஊரில் அழிந்த நெல் ரகத்தின் விதை, எப்போதோ கொடுத்த சம்பந்தி வீட்டுக் குதிரில் இருப்பதில்லையா? அதுபோலத்தான். எந்த வித்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறுகிற சினைக் கெண்டையை மதகடியில் வலைபோட்டு அள்ளாதீர்கள். ஏரிக்கு வரும் வாய்க்காலை அடைக்கும் முன்னே, அந்த வழியாக ஏறிவரும் மீன் எது என்று ஊர்ப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.